வெட்டினால்தான் வாழும் வேலி

ஜனவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு வயலோரம். வேலியில் இலை என்று ஒன்றுகூட இல்லை, கறுத்த முட்குச்சிகள் மட்டும்தான். பிளாக்தார்ன் என்ற முட்செடியின் இளங்குச்சியைப் பிடித்து, அது இரண்டாகப் பிரியும் கவட்டில் உற்றுப் பாருங்கள் என்றார்கள் கூட வந்தவர்கள். பத்து நிமிடம் குச்சி குச்சியாகத் தேடிய பிறகுதான் கண்ணில் பட்டது: குண்டூசித் தலை அளவுக்கு, வெள்ளைவெளேர் என்று ஒரு முட்டை. லென்ஸ் வைத்துப் பார்த்தால், தையல்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் போல மேலெல்லாம் குழிகுழியாக இருந்தது. பிரவுன் ஹேர்ஸ்ட்ரீக் என்ற பட்டாம்பூச்சி கோடையின் கடைசியில் இட்ட முட்டை அது. ஏப்ரல் கடைசி வரைக்கும் அந்தக் குச்சியில் ஒட்டியபடியே மழை, பனி, உறைபனி எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு இருக்கும்.

அன்று நாங்கள் ஒரு வேலியில் ஏழு முட்டை எண்ணினோம். சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த வேலியில் ஒன்றுகூட இல்லை. அதுவும் பிளாக்தார்ன்தான், அதே மண்தான். ஆனால் அதை இலையுதிர்காலத்தில் டிராக்டர் வந்து பெட்டி மாதிரி நறுக்கிவிட்டுப் போயிருந்தது. முட்டை இருந்த இளங்குச்சிகள் எல்லாம் அப்போதே தூளாகிவிட்டன.

இந்த இரண்டு வேலிக்கும் இடையில் உள்ள வித்தியாசம் புரிந்தால் பிரிட்டனின் கிராமப்புற இயற்கைப் பாதுகாப்பில் பாதி புரிந்த மாதிரி என்று நான் நினைக்கிறேன். அதனால் வேலியை வைத்தே ஆரம்பிக்கிறேன்.

வேலி என்றால் இங்கே கம்பியோ கல்தூணோ இல்லை. நெருக்கமாக நட்ட செடிகளும் சிறுமரங்களும் ஒன்றோடொன்று பின்னி வளர்ந்து ஆடுமாடு நுழையாதபடி நிற்கும் பச்சைச் சுவர். ஆங்கிலத்தில் ஹெட்ஜ்ரோ. நம்மிடம் இதற்குத் தனிச்சொல்லே இருக்கிறது, உயிர்வேலி. கொங்கு நாட்டுப் பக்கம் மேய்ச்சல் காட்டைச் சுற்றிக் கிளுவை வைத்து வளர்ப்பார்களே, அந்தச் சொல். இங்கிலாந்தின் பழைய பேச்சிலும் இதை குவிக்செட் என்றுதான் சொல்வார்கள். குவிக் என்ற சொல்லுக்கு இன்று வேகம் என்று பொருள், ஆனால் பழைய ஆங்கிலத்தில் அதற்கு உயிருள்ளது என்று பொருள். செத்த முள்ளை வெட்டிப் போட்ட வேலி ஒருவகை, உயிரோடு நட்ட வேலி இன்னொருவகை. இரண்டு நாட்டு விவசாயியும் ஒரே வித்தியாசத்தைப் பார்த்து ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்த நாளிலிருந்து ஹெட்ஜ் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

என்னென்ன செடி இருக்கும்? அதிகம் இருப்பது ஹாதார்ன். மே மாதத்தில் வேலி முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், அதனால் அந்தப் பூவுக்கே மே என்று பெயர். அதற்கு முன்னால், இலை வருவதற்கும் முன்னால், மார்ச்சில் பூப்பது பிளாக்தார்ன். அப்புறம் ஹேசல், ஃபீல்டு மேப்பிள், ஹோலி, காட்டுரோஜா, முட்புதராகப் படரும் பிளாக்பெர்ரி, எல்லாவற்றின் மேலும் ஏறிப்போகும் ஐவி கொடி. நடுவில் ஆங்காங்கே ஓக் அல்லது ஆஷ் மரம் ஒன்று உயர்ந்து நிற்கும். வேலியடியில் ஒரு வரப்பு, சில இடங்களில் ஒரு வாய்க்கால், அதையொட்டி வெட்டாத புல். வேலி என்று நான் சொல்லும்போது இது அத்தனையும் சேர்ந்ததுதான்.

எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். விமானத்திலிருந்து லேசர் கதிர் வீசி எடுத்த அளவுகளை வைத்து பிரிட்டனின் சூழலியல், நீரியல் ஆய்வு மையம் 2024-இல் ஒரு வரைபடம் வெளியிட்டது. அதன்படி இங்கிலாந்தில் மட்டும் சுமார் 3,90,000 கிலோமீட்டர் வேலி இருக்கிறது. பூமியை ஒன்பது முறைக்கு மேல் சுற்றலாம். அத்தனைக்குப் பிறகும், இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரிட்டனின் வேலிகளில் ஏறக்குறைய பாதி போய்விட்டது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

யார் நட்டார்கள் என்ற கதை கொஞ்சம் கசப்பானது. சில வேலிகள் மிகப் பழையவை. கேம்பிரிட்ஜ்ஷயரில் ஜூடித்தின் வேலி என்று ஒன்று இருக்கிறது, 900 ஆண்டுக்கும் மேற்பட்டது என்கிறார்கள். கார்ன்வால் முனையில் கல்லடுக்கி மண் கொட்டிய வேலிகளில் சில வரலாற்றுக்கு முந்தைய காலத்து வயல் எல்லைகள். அவையெல்லாம் வளைந்து நெளிந்து போகும். ஆனால் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக ஒரு வேலி ஓடினால், அது பெரும்பாலும் 18, 19-ஆம் நூற்றாண்டில் நட்டது. ஊர் மக்கள் எல்லாரும் மாடு மேய்த்து, விறகு பொறுக்கி வாழ்ந்த பொதுநிலத்தைச் சட்டம் போட்டுத் தனித்தனிச் சொத்தாகப் பிரித்தார்கள். 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் அதிகமான அடைப்புச் சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். அந்த நிலத்தைச் சுற்றி அடைக்கத்தான் இந்த ஹாதார்ன் வேலிகள். மேய்ச்சல் புறம்போக்கை வளைத்துப் போட்டால் ஊரில் மாடில்லாதவன், நிலமில்லாதவன் நிலைமை என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்று நாம் காப்பாற்ற நினைக்கும் வேலிகளில் பெரும்பகுதி அன்று ஏழைகளை வெளியே நிறுத்த நட்டவை. இதை மறைத்துவிட்டு வேலியை மட்டும் கொண்டாட எனக்கு விருப்பமில்லை.

வேலியின் வயதைக் கண்டுபிடிக்க ஒரு சுவையான வழி உண்டு. மேக்ஸ் ஹூப்பர் என்ற சூழலியலாளர், ஆவணங்களில் வயது தெரிந்த பல வேலிகளை எடுத்துப் பார்த்து ஒரு கணக்கு சொன்னார்: முப்பது கெஜ நீளத்தில் எத்தனை வகை மரம், புதர் இருக்கிறதோ அத்தனை நூற்றாண்டு. ஒரே ஹாதார்ன் என்றால் நூறு ஆண்டு, ஐந்து வகை என்றால் ஐந்நூறு. பறவை எச்சத்திலும் காற்றிலும் விதை வந்து விழுந்து மெல்ல மெல்லப் புதுவகைகள் சேரும் என்பதுதான் அடிப்படை. எல்லா இடத்திலும் இது சரிப்படாது, சிலர் ஆரம்பத்திலேயே பலவகை கலந்து நட்டிருக்கிறார்கள். ஆனாலும் குழந்தைகளோடு நடக்கப் போகும்போது முப்பது கெஜத்தைக் காலால் அளந்து எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு வேலி என்பது வெறும் பச்சையாகத் தெரியாது.

சரி, பாதி வேலி எங்கே போனது? போரின்போது கப்பல்கள் தடைபட்டு உணவுக்குத் தட்டுப்பாடு. ரேஷன் முழுசாக முடிந்ததே 1954-இல்தான். இனி நம் சோறு நம் மண்ணில் விளைய வேண்டும் என்று அரசு முடிவு செய்தது, அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தன. ஐந்து ஏக்கர் வயலில் பெரிய இயந்திரத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டுவதைவிட வேலியைப் பிடுங்கி ஐம்பது ஏக்கராக ஆக்குவது லாபம். 1950களிலும் 60களிலும் வேலியைப் பிடுங்க அரசே மானியம் கொடுத்தது. நார்ஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர் போன்ற கிழக்குச் சீமையின் தானிய மாவட்டங்களில் போய்ப் பார்த்தால் இன்றும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல், நடுவில் ஒரு புதர் இருக்காது. இதற்கிடையில் டச்சு எல்ம் நோய் வந்து 2.5 கோடிக்கும் மேற்பட்ட எல்ம் மரங்களைக் கொன்றது. அவற்றில் ஏராளமானவை வேலி மரங்கள்.

வேலி போனால் என்ன போகிறது? டெவன் மாவட்டத்தில் ராப் வோல்டன் என்ற சூழலியலாளர் தன் வீட்டருகில் இருந்த ஒரே ஒரு வேலியில், நூறு மீட்டருக்கும் குறைவான நீளத்தில், கண்ணுக்குத் தெரியும் உயிர்கள் அத்தனையையும் எண்ண உட்கார்ந்தார். செடி, பூஞ்சை, ஈ, வண்டு, அந்துப்பூச்சி, பறவை என்று 2,070 இனங்களைக் கண்டார். இத்தனைக்கும் அது தேடிப் பிடித்த அபூர்வ வேலி கிடையாது. அங்கே எங்கும் இருக்கிற மாதிரி ஒரு வேலி.

அதில் ஓர் உயிரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன், ஹேசல் டார்மவுஸ். கட்டைவிரல் நீளம், பொன்னிறம், அடர்ந்த மயிரோடு வால், எடை இருபது கிராம் சுமார். வெயில்காலம் முழுக்க இது தரையிலேயே இறங்க விரும்பாது. கிளைவிட்டுக் கிளை தாவிப் பூ, பூச்சி, பழம், ஹேசல் கொட்டை என்று பருவத்துக்கு ஒன்றாகத் தின்று, அக்டோபர் வாக்கில் உடம்பைப் பெருக்கிக்கொண்டு தரையோரம் ஒரு கூட்டில் சுருண்டு வசந்தம் வரை தூங்கும். ஒரு சின்னக் காட்டில் இருக்கும் டார்மவுஸ் அடுத்த காட்டில் இருக்கும் டார்மவுஸைச் சந்திக்க வேண்டும் என்றால் நடுவில் உள்ள வயலைக் கடப்பது அதற்குப் பெரும்பாடு. வேலி இருந்தால் அதன் மேலேயே போய்விடும். வேலிதான் அதற்குச் சாலை, வீடு, சாப்பாட்டுக்கடை எல்லாம். 2000-க்குப் பிறகு பிரிட்டனில் இதன் எண்ணிக்கை 70 சதவீதம் குறைந்திருக்கிறது. முள்ளெலியும் அப்படித்தான். அதன் ஆங்கிலப் பெயரிலேயே வேலி இருக்கிறது, ஹெட்ஜ்ஹாக், வேலிப்பன்றி. நகரத்தில் கொஞ்சம் தாக்குப்பிடித்தாலும் கிராமப்புறத்தில் 2000-க்குப் பின் 30 முதல் 75 சதவீதம் வரை குறைந்திருக்கிறது என்று 2022-இல் வந்த கணக்கு சொன்னது.

இதோடு, சரிவான நிலத்தில் குறுக்கே ஓடும் வேலி மழைநீரைத் தடுத்து நிறுத்தும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும், கன்று ஈன்ற மாட்டுக்கு வாடைக்காற்றில் ஒதுங்க இடம் கொடுக்கும். விவசாயிகளுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

இனிதான் முக்கியமான விஷயம். இயற்கையைக் காப்பது என்றால் தொடாமல் விட்டுவிடுவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வேலி விஷயத்தில் அது எடுபடாது. ஹாதார்னும் ஹேசலும் பிறவியில் மரங்கள். விட்டால் மரமாகத்தான் போகும். உயர உயர அடிப்பக்கம் நிழலில் கிளை காய்ந்து, கீழே ஓட்டை விழுந்து, கடைசியில் வேலியாக இருந்தது வரிசையாக நிற்கும் சில மரங்களாகிவிடும். ஆடு புகுந்து போகும், காற்றும் புகுந்து போகும், டார்மவுஸுக்குப் பிடித்துக்கொள்ள அடர்த்தி இருக்காது. அந்தப் பட்டாம்பூச்சியும் கிழட்டுக் கிளையில் முட்டையிடுவது அபூர்வம், ஓரிரண்டு வயதுக் குச்சியைத்தான் தேடும். ஆக, வெட்டத்தான் வேண்டும். எப்போது, எவ்வளவு, எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பழைய முறைக்குப் பெயர் ஹெட்ஜ்லேயிங், வேலி சாய்ப்பது என்று சொல்லலாம். நான் ஒரு பிப்ரவரியில் கூட நின்று பார்த்தேன். வேலி சாய்ப்பவர், மணிக்கட்டுத் தடிமன் உள்ள ஒரு தண்டை எடுத்துக்கொள்கிறார். கையில் பில்ஹூக், நுனி வளைந்த கனமான அரிவாள். தரையோடு தரையாக, சாய்வாக, மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டே வருகிறார். முக்கால் பங்கு போயிற்று, அதற்கு மேலும் போயிற்று, இன்னும் வெட்டுகிறார். மிஞ்சியது பட்டையும் அதன் உள்ளே ஈரமான ஒரு பத்தை மரமும் மட்டும், என் பெல்ட் அளவு தடிமன் இருக்கும். அந்த இடத்தில் மரம் முறியாமல் மெதுவாக வளைகிறது. பத்தடி உயரத் தண்டை, குழந்தையைப் படுக்க வைப்பது போல மேட்டுப் பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்கிறார். அடுத்த தண்டு அதன் மேல், அதற்கடுத்தது அதன் மேல். ஒரு முழத்துக்கு ஒரு குச்சி ஊன்றி, உச்சியில் நீளமான ஹேசல் விளாறுகளைக் கயிறு திரிப்பது போலப் பின்னிக் கட்டுகிறார். ஒரு நாள் முழுக்க உழைத்தால் இருபது மீட்டர் முடிந்தால் பெரிய விஷயம்.

அந்தப் பத்தையளவு பட்டை வழியாகவே சாறு ஏறி, சாய்த்த தண்டு வசந்தத்தில் தளிர்க்கும். அதைவிட முக்கியம், வெட்டிய அடிக்கட்டையிலிருந்து புதுத் துளிர்கள் நேராக மேலே கிளம்பும். கிழவேலி மறுபடி இளவேலி ஆகிவிடும், அடியிலிருந்தே அடர்த்தியாக. சாறு அடங்கியிருக்கும் குளிர்காலத்தில் மட்டும்தான் இதைச் செய்ய முடியும். 15, 20 ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் வேலி நூற்றாண்டு நூற்றாண்டாக நிற்கும். வட்டாரத்துக்கு வட்டாரம் முறை மாறும். லெஸ்டர்ஷயர் பக்கம் கொழுத்த காளைகள் சாய்ந்தால் தாங்க வேண்டும் என்பதற்காக முட்கிளைகளை மாடு நிற்கும் பக்கம் நீட்டிவிடுவார்கள், அதற்கு மிட்லண்ட் புல்லக் என்றே பெயர். 1978-இல் இந்தத் தொழிலைக் காப்பதற்கென்று ஒரு தேசியச் சங்கம் தொடங்கி இன்றுவரை போட்டிகள் நடத்துகிறார்கள். சாய்த்து முடித்த வேலியை முதல்தடவை பார்க்கிறவர்களுக்கு யாரோ மரங்களை வெட்டிச் சிதைத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். இரண்டு வருடம் கழித்து அதே இடத்தில் நடந்தால் உள்ளே கைவிட முடியாது.

ஆனால் கூலி கட்டாது. ஒரு பண்ணைக்குப் பல கிலோமீட்டர் வேலி இருக்கும்போது விவசாயி என்ன செய்வார்? டிராக்டரில் ஃப்ளெயில் என்ற கருவியை மாட்டி, சுழலும் இரும்புத் துண்டுகளால் வேலியை அடித்து நறுக்கிக்கொண்டே போவார். மணிக்கணக்கில் முடிந்துவிடும். கிழிந்த வெள்ளைக் குச்சிமுனைகளைப் பார்த்துப் பலர் கோபப்படுகிறார்கள். நான் கோபப்பட மாட்டேன், செடி அதிலிருந்து தேறிவிடும். பிரச்சினை அது ஒவ்வொரு வருடமும், ஒரே உயரத்தில் நடப்பது. ஹாதார்ன் அந்த வருடத்துப் புதுக்குச்சியில் பூக்காது, முந்தைய வருடக் குச்சியில்தான் பூக்கும். வருடாவருடம் புதுக்குச்சியை எடுத்துவிட்டால் பூ இல்லை, பூ இல்லையென்றால் தேனீக்கு ஒன்றுமில்லை, பழமும் இல்லை. அக்டோபரில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் தாண்டி வரும் ரெட்விங், ஃபீல்டுஃபேர் பறவைகள் நம்பி வருவது அந்தச் சிவப்புப் பழங்களைத்தான். இழுத்து வாரிய தலைமுடி மாதிரி நேர்த்தியாக நிற்கும் வேலி என்றால் அங்கே பட்டினி என்று பொருள். இந்த நேர்த்தி மோகத்தை நாம் கைவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெட்டினால் போதும், எல்லா வேலியையும் ஒரே வருடத்தில் வெட்டாமல் முறைவைத்து வெட்டலாம், ஒவ்வொரு முறையும் வேலியின் உயரத்தைப் பத்து சென்டிமீட்டர் கூட்டி வெட்டலாம், முடிந்தவரை ஜனவரி, பிப்ரவரி வரை தள்ளிப் போடலாம், பழம் பறவைக்கு மிஞ்சும். கேட்க எளிது. ஆனால் விவசாயியின் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஜனவரியில் இங்கே வயல் சேறு, டிராக்டர் இறக்கினால் சக்கரம் புதைந்து விதைத்த பயிர் நாசமாகும். செப்டம்பரில் தரை காய்ந்திருக்கும், அடுத்த பயிர் விதைக்கவில்லை, அதனால்தான் அப்போது வெட்டுகிறார்கள். சாலையோர வேலி என்றால் வண்டிகளுக்குப் பார்வை மறைக்காமல் வருடாவருடம் வெட்டித்தான் ஆக வேண்டும். அதில் யாரையும் குறைசொல்ல முடியாது. மூன்று வருடம் விட்டால் குச்சி தடித்து வேலையும் கூடும். அதற்குக் காசு யார் தருவது என்பதுதான் கேள்வி. இங்கிலாந்தில் வேலி பராமரிப்புக்கு அரசு உதவித்தொகை வந்தது, பலர் சேர்ந்தார்கள். அந்தத் திட்டத்தில் புது விண்ணப்பங்களை 2025 மார்ச்சில் திடீரென்று நிறுத்தியபோது ஏற்பட்ட ஏமாற்றம் நியாயமானது. மூன்று வருட முறை வைத்து வேலை செய்கிறவரிடம் ஒரு மாலையில் கதவைச் சாத்தினால் அவர் அடுத்த முறை எப்படி நம்புவார்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1997-இல் வந்த வேலி விதிகளின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிராமப்புற வேலி ஒன்றைப் பிடுங்க வேண்டுமானால் உள்ளூர்த் திட்ட அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அவர்களுக்கு 42 நாள் அவகாசம். 30 வயதுக்கு மேற்பட்டு, வரலாறோ அரிய உயிர்களோ உள்ள வேலி என்றால் தடுக்கலாம். வீட்டுத் தோட்ட வேலிக்கு இது பொருந்தாது. வெட்டும் காலத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் மானிய நிபந்தனைகள்தான் கட்டுப்படுத்தி வந்தன. பிரெக்ஸிட்டுக்குப் பின் அவை 2024 தொடக்கத்தில் காலாவதியாகி, அந்த வசந்தகாலத்தின் பெரும்பகுதியில் பாதுகாப்பில் ஓட்டை. அந்த மே 23-இல் இங்கிலாந்துக்குப் புது விதி வந்தது: மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, அதாவது பறவைகள் கூடுகட்டிக் குஞ்சு வளர்க்கும் காலத்தில், பண்ணை வேலியை வெட்டக்கூடாது. வேலியின் நடுவிலிருந்து இரண்டு மீட்டருக்குள் உழவோ மருந்தோ கூடாது. சில விதிவிலக்குகள் உண்டு, சிறிய வயல்களுக்கு அந்த இரண்டு மீட்டர் விதி இல்லை. 2050-க்குள் 45,000 மைல் வேலியைப் புதிதாக நடுவதோ சீர்செய்வதோ இங்கிலாந்து அரசு 2023-இல் அறிவித்த இலக்கு. நடுவது எளிது. நட்டதை இருபது வருடம் கழித்துச் சாய்க்கத் தெரிந்த கைகள் போதுமான அளவு இருக்குமா என்பதுதான் எனக்குக் கவலை.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. சர்ல் பண்டிங் என்றொரு சிட்டு, ஆண் பறவைக்கு மஞ்சளும் கறுப்புமாக முகம், 1989-இல் நாட்டிலேயே 118 ஜோடிதான் மிஞ்சியிருந்தது, ஏறக்குறைய அத்தனையும் டெவனின் தெற்கில். அடர்ந்த வேலியில் கூடு, பக்கத்திலேயே குளிர்காலத்தில் உழாமல் விட்ட தானியத் தாள்வயல், கோடைக்கு வெட்டுக்கிளி நிறைந்த புல், இந்த மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும் அதற்கு. பறவைப் பாதுகாப்புச் சங்கத்தார் விவசாயிகளோடு உட்கார்ந்து பேசி, மானியத்துக்கு வழிசெய்து, வேலை தொடங்கினார்கள். 2016-இல் எண்ணியபோது ஆயிரம் ஜோடியைத் தாண்டியிருந்தது. யாரும் நிலத்தைப் பூட்டி வைக்கவில்லை, அங்கே இன்றும் விவசாயம்தான் நடக்கிறது.

பிப்ரவரியில் சாய்த்த அந்த வேலியைப் பார்க்க மே முதல் வாரத்தில் மறுபடி போனேன். அதிலும் ஒரு பகுதி பிளாக்தார்ன். பெல்ட் அளவு பட்டையில் தொங்கிக்கொண்டிருந்த தண்டு முழுக்க இலை. குனிந்து முதல் அடிக்கட்டையை எண்ணினேன், பதினொரு துளிர், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம், நுனி செம்பழுப்பு. ஆகஸ்டில் அந்தப் பட்டாம்பூச்சி முட்டையிட வரும்போது இந்தத் துளிர்கள் குச்சியாகியிருக்கும்.